பொட்டலத்தின் அடியில் இருந்த களைச்செடி

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், பயிர்நோய்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. முனைவர் பட்டம் வாங்கிய மிதப்பு இன்னும் இறங்கியிருக்கவில்லை.

குருபரப்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா தக்காளிச் செடிகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். மேலே இருந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இலைகள் ஒடுங்கி முறுக்கிக் கிடந்தன. வைரஸ், மருந்து கிடையாது, மற்ற தோட்டங்களுக்குப் பரவும் முன் மொத்தத்தையும் பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அரை ஏக்கர், அந்த வருடம் அவருக்கு இருந்த ஒரே பயிர். தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, மாதிரியைப் பாடம் செய்து வைக்கலாமென்று பொட்டலத்தைப் பிரித்தேன். அடியில், தக்காளியோடு சேர்ந்து பிடுங்கி வந்த ஒரு பார்த்தீனியக் களைச்செடி. அதுவும் அதே மாதிரி முறுக்கியிருந்தது. பயிரும் களையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி முறுக்கினால் அது அநேகமாக நோய் இல்லை; எங்கிருந்தோ களைக்கொல்லி காற்றில் வந்து பட்டிருக்கிறது. லேசாகப் பட்டிருந்தால் செடி தானே தேறிவிடும்.

அவரிடம் போன் இல்லை. பதிவேட்டில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. பஸ் பிடித்து இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போனேன். எங்காவது புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன்.

தோட்டம் அப்படியே இருந்தது. அவர் மட்டும் வரப்பில் நின்றிருந்தார். இன்னும் பிடுங்காததற்கு நான் கோபிக்க வந்திருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "ஆளுங்கல்லாம் கம்பெனி வேன்ல போயிட்டாங்க மேடம். ஞாயித்துக்கெழமதான் வருவாங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூலியாட்களைத் தொழிற்சாலைக்கு அள்ளிக்கொண்டு போவதால் விவசாயிகள் எல்லோரும் திட்டுகிற அந்த வேனை, அன்று நான் மனதார வாழ்த்தினேன்.

பக்கத்து ராகிக் கொல்லையில் போன வாரம் களைக்கொல்லி அடித்ததாக, கேட்டதும் சொன்னார். தக்காளி நுனிகளில் புதுத் தளிர் நல்லபடியாக விட ஆரம்பித்திருந்தது. நான் சொன்னது தப்பு, பிடுங்க வேண்டாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்:

"புடுங்கினப்புறம் தெரிஞ்சிருந்தா, வந்து சொல்லியிருப்பீங்களா மேடம்?"

நான் குனிந்து இன்னொரு செடியின் தளிரைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்தத் தக்காளி நன்றாகவே காய்த்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை, வேறு தோட்டங்களில் பயிரைப் பிடுங்கி முடித்த பின்புதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. இரண்டு முறையும் நேரில் போய்ச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நான் தர வேண்டியிருந்த பதில் அதுதான்.