மஞ்சள் வாளியும் டேங்க் கிளீனரும்

என் குளியலறை மூலையில் கைபிடி உடைந்த மஞ்சள் வாளி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின்மீது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளவத்தை வாய்க்காலைத் தன் பங்குக்கு அவர் கெடுத்தது இந்த வாளியைக் கொண்டுதான்.

எங்கள் ஒழுங்கையில் யாராவது கனடாவுக்கோ லண்டனுக்கோ புறப்பட்டால், கறிவேப்பிலைச் சாடி ஒரு வீட்டுக்குப் போகும், காஸ் சிலிண்டர் இன்னொரு வீட்டுக்குப் போகும். மீன்தொட்டி மட்டும் பெரியப்பாவிடம் வரும். வெள்ளிக்கிழமை காலையில் முழுகி, திருநீறு பூசி, மீன்களை வாளியில் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் விடுவார். "போ ராசா, இனி உனக்கு ஒரு கவலையுமில்லை" என்று வழியனுப்பு வேறு. பெரும்பாலும் அவை டேங்க் கிளீனர்கள். கண்ணாடியில் பிடிக்கும் பாசியைத் தின்னட்டும் என்று சனம் வாங்கி விடும் பிறநாட்டு மீன்கள். முரட்டுத் தோலும் முள்ளுமாக இருப்பதால் வாய்க்காலில் எதுவும் அவற்றைத் தின்னாது. அவையோ ஊர் மீன்களின் முட்டைகளை விட்டுவைக்காது. நான் உயிரியல் படிப்பிக்கிறவள். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "பாவமடி பிள்ளை, அதுவும் ஒரு சீவன்தானே" என்பார். கெண்டையும் சீவன்தானே என்று கேட்டால், "ஓம் ஓம், எல்லாம் ஒண்டா இருக்கட்டுமன்" என்பார். இந்த மனுசனோடு என்னத்தைக் கதைப்பது?

வாய்க்காலில் கெண்டை அருகிக்கொண்டு வந்ததால், பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சீமெந்துத் தொட்டியில் நான் ஊர்க் கெண்டைகளை வளர்த்தேன். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பெருகினால், டேங்க் கிளீனர் இன்னும் எட்டாத ஒரு கிளை வாய்க்காலில் கொண்டுபோய் விடலாம் என்பது என் ஆசை. செடிகளின் வேரில் முட்டைகளைக் கண்ட அன்று, துள்ளிக்கொண்டு வந்து வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். தொட்டி பாசி பிடிக்கிறது என்றும் சொன்னேன். பெரியப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு நான் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், காவலாளியோடு சிங்களத்தில் இனிக்க இனிக்கக் கதைத்து உள்ளே போய், என் கெண்டைத் தொட்டிக்குள் ஒரு டேங்க் கிளீனரை விட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு உதவியாம்! திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. முட்டையோ குஞ்சோ ஒன்றுகூட இல்லை.

"ஏன் பெரியப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீதானே பிள்ளை பாசி எண்டு சொன்னனீ" என்றார், முகம் வாடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மீனைப் பிடித்துக் கொண்டுவந்து, வீட்டுத் தொட்டியிலேயே வைத்திருக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தேன்.

மகளிடம் கனடாவுக்குப் போகும் முறை கடைசியில் அவருக்கும் வந்தது. புறப்படும் அன்று காலை, எங்கள் தொடர்மாடி லிஃப்ட் வாசலில் வாளியோடு என்னிடம் பிடிபட்டார். உள்ளே அதே மீன். நான் பறிக்க, அவர் இழுக்க, கைபிடி அவர் கையோடு போனது. "சாகவிட்டிடாதை பிள்ளை" என்று கண்கலங்கினார். "சாக விடமாட்டன். ஆனா வாய்க்காலுக்கு இது போகாது" என்றேன்.

அது இப்போது ஒரு முழம் வளர்ந்து என் வரவேற்பறையில் கிடக்கிறது. நுகேகொடையில் மீன் விற்கும் கடைக்காரன்கூட "எபா மிஸ்", வேண்டவே வேண்டாம் என்று கையை விரித்துவிட்டான். ஞாயிறுதோறும் பெரியப்பா வீடியோவில் வருவார். என்னைச் சுகம் கேட்கமுதல், மீனைக் காட்டு, தின்னுதோ என்பார். "பார், வாய்க்காலை நினைச்சு ஏங்குது" என்று கடைசிவரை வாதாடினார்.

போன மாதம் அவர் கண்ணை மூடிவிட்டார்.

இனி யாருக்காக இந்தச் சனியனைக் கட்டி அழவேண்டும்? விறைத்துச் சாகட்டும் என்ற முடிவோடு நேற்று ஐஸ் வாங்கி வந்து, மீனை அள்ளி மஞ்சள் வாளியில் போட்டேன். அது அடியில் ஒட்டிக்கொண்டு பேசாமல் கிடந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை வேறு. நேரமோ அவர் அழைக்கும் நேரம். ஐஸைக் குளியலறையில் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மீனைத் திரும்ப உள்ளே விட்டுத் தீனி போட்டேன். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தின்னுது பெரியப்பா, தின்னுது!" என்று வெறும் வீட்டில் கத்தினேன்.