சிவப்பு நூல் போட்ட மூட்டைகள்

சகாயமேரி அக்கா இறந்துவிட்டதாக அவருடைய மகள் ஸ்டெல்லா போனில் சொன்னபோது, நான் கூட்டேரிப்பட்டில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இடுப்பில் மகள். அக்காவைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தேன். "அம்மா போய்ட்டாங்கக்கா, நீங்க ஆஸ்பத்திரிக்கு வராதீங்க, வீட்டுக்கு வந்துடுங்க" என்றாள். ஐயோ என்றுகூட நான் சொல்லவில்லை. "மூச்சுதானா?" என்று கேட்டேன். "டாக்டர் நிமோனியான்னு எழுதியிருக்காரு" என்றாள். தாயைப் பறிகொடுத்து அரை மணி நேரம் ஆன பெண்ணிடம் நான் முதலில் கேட்டது அது. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் தாளில் வேலை இடத்திலிருந்து யாராவது எழுத வேண்டும் என்று ஸ்டெல்லா என்னைக் கேட்டாள். என்னால் முடியவில்லை, நான் எழுதாமலேயே அந்தத் தாள் அச்சாகிவிட்டது. தாமதமானாலும் பரவாயில்லை, தனியாகப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுக்கிறேன் என்றாள். ஆகவே இது அக்காவை அறிந்த உங்களுக்கு, முக்கியமாக அவருடன் வேலை செய்தவர்களுக்கு.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் பட்டறையில் வண்டி உதிரி பாகங்களுக்குக் குரோமிய முலாம் பூசுகிறார்கள். பூசியவற்றை அலசிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும். பார்க்க அழகான நிறம். உள்ளே இருப்பது விஷம். அரிசி ஆலைகள் உமியை எரித்துவிட்டு வேண்டாமென்று கொட்டும் சாம்பலை மூன்று பீப்பாய்களில் நிரப்பி, அந்தத் தண்ணீரை ஒவ்வொன்றாக விட்டு எடுத்தால் கடைசிக் குழாயில் நிறமில்லாமல் விழும். விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது இதையே சிறிய கண்ணாடிக் குழாயில் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கியவள் நான். ஒரு தொழிற்சாலையின் கழிவு இன்னொன்றின் கழிவைச் சுத்தம் செய்கிறது என்று மேடையில் பேசினேன். அந்த நம்பிக்கையோடுதான் இங்கே கெமிஸ்டாகச் சேர்ந்தேன். பீப்பாயில் சாம்பலை நிரப்புவதும், வேலை முடிந்த சாம்பலை வாரிக் களத்தில் காயவைத்து மூட்டை கட்டுவதும் அக்காவின் வேலை.

பேறுகால விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்த மாதம் ஒருநாள், அக்கா கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியபடி கேட்டார்.

"ஏம்மா, தண்ணி வெள்ளையா வருதே, அந்த மஞ்சா எங்க போச்சு?"

"சாம்பல்ல ஒட்டிக்கிச்சுக்கா."

"சாம்பலு எங்க போவும்?"

"அதுக்குன்னு ஒரு எடம் இருக்குது. மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க."

"எப்போ?"

எனக்குத் தெரியவில்லை.

"அப்ப மஞ்சா எங்கியும் போவல. நம்மகிட்டதான் குந்திக்கினு இருக்குது" என்றார். பிறகு முகம் மாறி, "களத்துல காயுறத பேக்கிங் பொம்பளைங்க வாரிக்கினு போறாளுங்களே, பாத்திரம் தேய்க்க. நீதான எடுத்துக்க சொன்னியாம்?" என்றார்.

சொல்லியிருந்தேன். பத்து நாளைக்கு முன்பு அவர்கள் வாசல் கேட்டைக் காட்டி, அங்கே குவித்திருந்த புதுச் சாம்பலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். "வெறும் உமிச் சாம்பல்தானே, எடுத்துக்கோங்க" என்றேன். மறுநாள் மழையில் அந்தக் குவியல் நனைந்துவிட்டது. களத்தில் தகரக் கூரைக்கடியில் கிடந்த வேலை முடிந்த சாம்பல் நனையவில்லை. இரண்டும் ஒரே கறுப்பு. காய்ந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா வீடு வீடாகப் போனார். திங்கட்கிழமை ஒரு சாக்கு நிறைய டப்பாக்களும் பைகளுமாக வந்து இறக்கினார். எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"நோவு வரும்னு சொன்னா எவ குடுப்பா? எங்க மாமியா காலத்துலருந்து இதுலதான் தேய்க்கிறோம்பாளுங்க. இத போட்டு தேச்சா குண்டான் ஓட்டையாப் பூடும்னேன். ஜல்தியா ஓடியாந்து குடுத்துட்டாளுங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அப்போதே அந்த இருமல் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு பை இன்னும் வரல. வாட்ச்மேன் ஒரு வண்டில வெச்சாராம். யார் வண்டினு கேட்டா மொதல்ல முழிச்சாரு. உன் வண்டிதானாமே" என்றார்.

என் மாமியாருக்கும் சாம்பலில் தேய்த்தால்தான் திருப்தி. ஒரு பை வைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, திறந்து பார்க்காமலே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அன்று மதியமே அக்கா என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை கவிழ்த்து வைத்திருந்தது. "நல்ல சாம்பலும்மா, பளபளன்னு ஆயிடுச்சு பாரு" என்று மாமியார் அதையே எடுத்துக் காட்டினார். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நான் நின்ற இடத்தில் நின்றேன். அக்காதான் பையை வாங்கிக் கட்டினார். எதையெல்லாம் தேய்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வெளியே எடுத்துவைத்து, புது நாரும் சோப்பும் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மூன்று மூன்று முறை கழுவினார். "ஏன், இன்னா ஆச்சு?" என்று மாமியார் கேட்டார். "பாத்திரம் ஓட்டையாப் பூடுமாம்மா" என்றார் அக்கா, தலை நிமிராமல். இன்றுவரை மாமியாருக்குத் தெரிந்த காரணம் அதுதான். இந்தத் தாள் அவர் கைக்கும் போகும்.

வாசலில் வைத்து என்னிடம், "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. அழுதுக்கினு நிக்காத. நாளைக்கு மொதல் வேலையா களத்த மூட தார்ப்பாய் கேளு" என்றார். ஒன்றும் ஆகாது என்று சொல்ல அவருக்கு என்ன தெரியும்? படித்த எனக்கே தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். டாக்டரிடம் போனேன். சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று பொய் சொல்லி ரத்தம் எடுக்க வைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவர் எதைத் தேட வேண்டும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. மகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. அவள் தோலில் ஒரு தடிப்பு வந்தாலும் எனக்கு அந்தப் பாலாடை ஞாபகம் வருகிறது.

தார்ப்பாய் வந்தது. அக்கா கடையிலிருந்து சிவப்பு நூல் உருண்டை ஒன்று வாங்கிவந்தார். அதுவரை சணலால் கட்டிக்கொண்டிருந்த மூட்டைகளை அன்று முதல் கோணி ஊசியால் நெருக்கமாகத் தைக்க ஆரம்பித்தார். "எழுதி ஒட்டுனா படிக்கத் தெரிஞ்சவன்தான் படிப்பான். செவப்பு எல்லாருக்கும் தெரியும்" என்றார். பட்டறைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் கூரை வரை அடுக்கியிருப்பவை அவர் தைத்தவை. அனுப்ப வேண்டிய இடத்துக்கு இன்னும் ஒன்றுகூடப் போகவில்லை.

முகக்கவசம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்வார். "மூஞ்ச மூடிக்கினா நான் யார திட்டுறேன்னு அவனுக்கு எப்டித் தெரியும்?" என்பார். எல்லோரும் சிரிப்போம், நானும் சிரித்தேன். மூக்குக்கு மேலே இழுத்துவிட்டிருக்க வேண்டியவள் நான். குரோமியம் இல்லாவிட்டாலும் உமிச் சாம்பல் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதைப் படித்தவள் நான். அவருக்குப் பழைய இளைப்பு நோய் இருந்தது உண்மை. நிமோனியா யாருக்கும் வரும், அதுவும் உண்மை. சாம்பல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டேரிப்பட்டில் நான் ஸ்டெல்லாவிடம் கேட்ட கேள்வி அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமாம். வீட்டு மனைகளாகப் பிரிக்க ஒருவர் பள்ளத்தை மேடாக்குகிறார், சாம்பல் கேட்கிறார். அது கேடில்லாத சாம்பல் என்று கெமிஸ்ட் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். முதலாளி கெட்டவர் இல்லை. அக்காவுக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தவர் அவர்தான், அடக்கத்துக்கும் வந்திருந்தார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "வெறும் உமிச் சாம்பல்தானேம்மா. நீங்களே சொன்னதுதான்."

நான் சொன்னதுதான். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்க அக்கா ஒரு ஞாயிறு முழுக்க நடந்தார். ஆளுக்கு ஆள் பரவியதில் அது முதலாளியின் மேஜை வரை போய்விட்டது. அதை வாங்கிவர இனி அவர் இல்லை. எனக்கு இந்த வேலை வேண்டும். வீட்டு நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். கடிதத்தை இன்னும் எழுதவில்லை. எழுதப்போவதில்லை என்று சொல்ல இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அது வெறும் உமிச் சாம்பல் இல்லை. நான் சொன்னது தவறு. கீழே கையெழுத்துப் போட்டுத்தான் இதை ஸ்டெல்லாவிடம் கொடுக்கிறேன். நாளைக்கு ஒரு படியை முதலாளியின் மேஜையிலும் வைப்பேன்.

அக்காவின் பொருள்களை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டு போன அன்று, கோணி ஊசியையும் மீதியிருந்த நூலையும் எனக்காக விட்டுப்போனாள். கொட்டகையில் வாய் தைக்காத இரண்டு மூட்டைகள் இருந்தன, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் விட்டவை. முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு நானே உட்கார்ந்து தைத்தேன். அக்காவின் தையல் கோடு போட்டதுபோல் இருக்கும். எனக்கு விரலில் இரண்டு இடத்தில் குத்தியது.

சிவப்பு நூல் போட்ட மூட்டையை எங்கே கண்டாலும், லாரியில் கண்டாலும், யாருடைய மனையில் கண்டாலும், பிரிக்காதீர்கள்; எனக்குச் சொல்லுங்கள். நேராகத் தைத்தவை அக்காவுடையவை. கோணலாகத் தைத்த இரண்டு என்னுடையவை. அவற்றையும் பிரிக்காதீர்கள்.