சனிக்கிழமை கழுவிய மணல்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது என்பதை, நினைவு ஆராதனைக்கு நாள் குறித்த பிறகுதான் மனம் ஒப்புக்கொண்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி மற்ற உறவினர்கள் நல்லதெல்லாம் எழுதிவிட்டார்கள். அத்தனையும் உண்மை. உடன்பிறந்த தங்கை நான் எழுத வேண்டியது வேறொன்று. எங்கள் வீட்டுக் கார் செட்டில் அவர் கட்டிய தண்ணீர் வடிகட்டியைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அந்தக் கதை தப்பு. அதைத் திருத்தாமல் அவருக்கு மலர் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அண்ணன் பிறந்தது எம்.ரெட்டியபட்டியில். அப்பா ஒரு பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். அதை நிறுத்த வீட்டை ஒட்டி ஓடு போட்ட செட் ஒன்று கட்டினார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. காரை விற்றுவிட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பு மில்லில் பிட்டராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்துப் பால்வாடி டீச்சர் ஆக்கினார். கோபம் வரும், ஆனால் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு குறை. ஒன்றைச் செய் என்பார், ஏன் என்று சொல்ல மாட்டார். கேட்டால், “சொன்னாச் செய்யி தாயி, கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காத” என்பார். நானும் கேட்காமலே இருந்து பழகிவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். போர்க் குழாயில் வருவது உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க ஊருணிதான். அது இனிக்கும், ஆனால் கோடையில் கலங்கிப் பச்சை பிடித்துவிடும். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், அண்ணனின் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. எட்டு மாதக் குழந்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்து வந்தோம், ஆனால் அவசரத்தில் கொதிக்க வைக்காமல் விட்ட ஒருநாள் போதுமாயிருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றி, பிழைப்பாள் பிழைக்க மாட்டாள் என்று கிடந்து மீண்டாள்.

அண்ணன் மனைவி, எங்கள் மதினி, மதுரைக்காரர். பிள்ளை தேறியதும் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போது அண்ணனிடம், “நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகல. இது குடிக்கிற தண்ணிதான்னு எழுதி வாங்கிட்டு வாங்க, மறுநாளே வாரேன்” என்றார். அண்ணன் அடுத்த வாரமே கார் செட்டைக் காலி செய்தார்.

மில்லுக்கு வந்துபோன ஓர் இன்ஜினியர் வழி சொன்னார். கிணற்று உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, அடியில் சல்லி, அதற்கு மேல் குண்டாற்று மணல். மணலுக்கு மேல் எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்க வேண்டும். ஊருணித் தண்ணீரை மேலே ஊற்றினால், மெதுவாக இறங்கி, கீழே குழாய் வழியே சொட்டும். செட்டில் வெயில் படாது, ஆடு மாடு வராது என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். தினமும் ஷிப்ட் முடிந்து இருட்டிய பிறகு வந்து, சைக்கிளில் குடம் குடமாய் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: “தொட்டிக்குள்ள கை வைக்காத.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் கழுவுகிற நாள். ஞாயிறு விடியும்போது வீட்டில் அழுக்கு என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது அம்மா வைத்த சட்டம். பாத்திரம், தரை, ஜன்னல் கம்பி எதையும் விடமாட்டேன். சனிக்கிழமை மதியம் அண்ணன் பிள்ளையைப் பார்க்க மதுரைக்குப் போய்விடுவார், ஞாயிறு இரவுதான் திரும்புவார். ஒரு சனிக்கிழமை தொட்டியை எட்டிப் பார்த்தேன். மணலின் மேல் வழுவழுவென்று பச்சையும் கறுப்புமாய் ஆடை படிந்திருந்தது. இதில் இறங்கும் தண்ணீரையா பிள்ளைக்குக் கொடுப்பது?

கை வைக்காதே என்றது அழுக்குக் கையைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீரை வடியவிட்டு, பாசியை வழித்து, மேல் மணலை அள்ளி பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் அலசி, திரும்பப் பரப்பி, பழையபடி தண்ணீரும் நிரப்பினேன். மணல் பளிச்சென்று இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்பது ஒன்று. செய்த ஊழியத்தைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்ற பெருமை இன்னொன்று. அன்று முதல் ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

முதல் பரிசோதனைக்கு அண்ணன் லீவு போட்டு, கொதிக்க வைத்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து மதுரையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆபீசுக்குக் கொண்டுபோனார். குடிக்க உகந்ததல்ல என்று எழுதி வந்தது. மணல் சரியில்லை என்று முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டு, வேறு மணல் சலித்துப் போட்டார். இரண்டாவதும் அதே பதில். சல்லியை மாற்றினார், குழாயை மாற்றினார். மூன்றாம் முறை காரியாபட்டிப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது, பாட்டில் சூடேறிவிட்டது, எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் செட் கதவை ஓங்கி உதைத்தார். “எம் பிள்ள மொத மொத அடி எடுத்து வச்சுச்சாம்லே. எவனோ பார்த்துச் சொல்றான், நான் பார்க்கல” என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அந்தச் சனிக்கிழமை இன்னும் இரண்டு வாளி கூடுதலாக விட்டு மணலை அலசினேன்.

பிறகு மல்லாங்கிணறு ஊரில் எங்கள் சித்தி காலை ஒடித்துக்கொண்டார். ஆறு வாரம் நான் அங்கே போய் இருந்தேன். நான் போன முதல் வாரமே அண்ணன் வேலிக்கருவை மரக் கரியை உடைத்து, மணலுக்கு நடுவில் ஓர் அடுக்கு போட்டார். நான்காம் பரிசோதனையில் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வந்தது. மதினியும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். அவர்கள் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

நான் ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை, வழக்கம்போல் வாளியோடு செட்டுக்குப் போனேன். இப்போது மதுரைக்குப் போக வேண்டியதில்லை என்பதால் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கு இந்த வாளி?”

“பாசி புடிச்சுக் கெடக்கே, வழிக்கலாம்னு.”

“அடி பாவி, அதத் தொட்றாத. அந்தப் பாசிதான் கிருமியத் திங்குது. அது வளர ஒரு மாசம் ஆகும். அதுல பிளீச்சிங் ஒரு சொட்டு பட்டாப் போச்சு, எல்லாம் செத்துரும்.”

வாளியில் பிளீச்சிங் வாடை அடித்தது. “தரை கழுவத்தான் கொண்டாந்தேன்” என்றேன். தரையைக் கழுவிவிட்டுப் போனேன். அவர் சந்தேகப்படவில்லை.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம். பிள்ளை அண்ணனின் செருப்பை இரண்டு கையாலும் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்து, டாட்டா காட்டியது. ஞாயிறு சாயங்காலம் அப்பா கிளம்பிப் போகிறவர் என்றுதான் அவளுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதன்பின் யார் வந்து தொட்டியைப் பார்த்தாலும், “எல்லாம் கரியோட வேலை” என்பார் அண்ணன். சுற்று ஊர்களில் கேட்டவர்களுக்கெல்லாம் கரியைத் தானே உடைத்து மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கதைதான் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்ல வாயெடுத்து விழுங்கினேன். போன ஆண்டு மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு மூன்று நாள் கிடந்தார். பக்கத்திலேயே இருந்தேன். காப்பி வேண்டுமா, போர்வை வேண்டுமா என்று கேட்டேனே தவிர, அதைச் சொல்லவில்லை. என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த மில் நண்பர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும், பந்தலிட்டு, வந்தவர்களைப் பசியில்லாமல் அனுப்பிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

“போடு, எல்லாரும் தெரிஞ்சுக்கிடட்டும்” என்றார். “உங்கண்ணன், கரியப் பத்தி மொதல்லயே யோசிக்காத மடையன் நானு, எம் பிள்ளைய நானே பதினாலு மாசம் பிரிச்சு வச்சேன்னு கடைசி வரைக்கும் எங்கிட்டச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாக. அவுக காதுல ஒரு வார்த்த போட்டிருக்கலாம்ல நீ.”

இந்த மலரை வாங்கிய உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினாலு மாதத்தின் பழி அண்ணனுடையது அல்ல. இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால், தங்கைதான் கெடுத்தாள் என்று சொல்லுங்கள்.