சம்மட்டி ஊசி வாங்கின கதை

இறைச்சி மார்க்கெட்டில் அவனுக்குச் சம்மட்டி என்றுதான் பெயர். பன்னிரண்டு வயதில் எலும்பு வெட்டும் கட்டைக்கு முன்னால் வந்து நின்றவன். நாற்பத்தெட்டு ஆகியும் அதே கட்டைதான். கோபம் வந்தால் அவன் வாய் பேசாது, கைதான் பேசும். அந்தக் கையால் பல் போனவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் அவனிடம்தான் கறி வாங்குகிறார்கள், எலும்பில்லாமல்.

இப்படிப்பட்டவனையும் ஆண்டவன் ஓரிடத்தில் கட்டிப் போட்டிருந்தான். வேலை முடிந்து, குளித்து, ரெக்கார்டு பிளேயரில் பிரார்த்தனைப் பாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் அரை மணி நேரத்துக்கு அவன் பூனைக்குட்டி. வீட்டில் மனைவியும் கூடவே இருக்கும் தம்பியும் நிம்மதியாக மூச்சு விடுவது அந்த அரை மணிதான்.

அதற்கும் தம்பி வினை வைத்தான். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன் அவன். எது நிற்கவில்லையென்றாலும் மேலே பாரம் வைத்து அழுத்துவதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். தட்டு ஒரே இடத்தில் குதிக்கிறது என்று ஊசித் தலையின் மேல் இரண்டு நாணயத்தை வைத்துப் பாட விட்டான். ஊசி தட்டை உழுதுவிட்டது.

சம்மட்டி வந்து பார்த்தான். கறுப்புத் தட்டில் வெள்ளையாக ஒரு கோடு. தம்பியின் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்கில் ரத்தம் கொட்ட எழுந்த தம்பி, கையை அகல விரித்து அண்ணனின் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். சம்மட்டி பிளேயர் மேலேயே சாய்ந்தான். ஊசியும் அதைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜும் அவன் முழங்கைக்கு அடியில் நொறுங்கின. விலக்கப் போன மனைவிக்கு நெற்றி கதவில் இடித்துப் பிளந்தது.

"புது ஊசி வாங்கி மாட்டுவேன்," என்றான் சம்மட்டி, காதைப் பொத்திக்கொண்டு. "பெட்டி பழையபடி பாடினா இவன் இருக்கட்டும். பாடலைன்னா அறைஞ்ச கையை உடைச்சு வெளியே தள்ளுவேன்."

சொன்னால் செய்கிறவன் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நாலாம் நாள் காதில் பஞ்சோடும் கையில் கழற்றிய ஊசித் தலையோடும் கடைக்குக் கிளம்பினான்.

"முதல்ல அந்தக் காதை டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள் மனைவி.

"உள்ளே வண்டு மாதிரி இரைச்சல் கேட்குதுடி. செவிட்டுக் காதுக்கு இரைச்சல் கேட்குமா?"

பழைய ரேடியோக்கள் கூரை வரை அடுக்கியிருந்த கடை. கடைக்காரர் ஒல்லி, பேச்சு மட்டும் பருமன். மூன்று கார்ட்ரிட்ஜை எடுத்து வைத்தார்.

"இது மலிவு, ஆனா கனம். ஊசி தட்டை ரொம்ப அழுத்தும், சீக்கிரம் தேய்ச்சிடும். இது நடுத்தரம். இது ரொம்ப லேசு, தட்டுக்கு வலிக்கவே வலிக்காது. கேட்டுப் பார்த்து எடுத்துக்குங்க. பொண்ணு பார்க்குற மாதிரிதான், அவசரம் கூடாது."

சம்மட்டி பஞ்சை எடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டினான். முதலாவது: வலது பக்கம் பாடியது, இடது பக்கம் ஊமை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அவன் கண்ணில் தம்பியின் கையும் இந்தக் கடைக்காரரின் சிரிப்பும் ஒன்றாகத் தெரிந்தன.

"மூணும் ஓட்டையா? என்னை என்ன கேனையன்னு நினைச்சியா?"

கடைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி அலமாரியில் மோதினான். மேலிருந்து ஒரு ரேடியோ விழுந்து சிதறியது. இன்னொரு முறை மோதினான். கடைக்காரரின் உதடு கிழிந்தது.

"ஐயா... சாமி... கொல்லாதீங்க. ஹெட்போனை மட்டும் இடம் மாத்தி மாட்டிப் பாருங்க."

ஒரு கையால் கழுத்தை விடாமல், மறு கையால் மாற்றி மாட்டினான். இத்தனை நேரம் பாடிக்கொண்டிருந்த பக்கம், இடது காதுக்கு வந்ததும் செத்துப் போனது. ஊமையாக இருந்த பக்கம், வலது காதில் கணீரென்று பாடியது.

திரும்பவும் மாற்றினான். திரும்பவும்.

கழுத்தை விட்டான். விழுந்து கிடந்த ரேடியோவைப் பொறுக்கி அலமாரியில் வைத்தான். கடைக்காரர் வேட்டி நுனியால் உதட்டைத் துடைத்தபடி, "இப்ப எதை எடுத்துக்கிறீங்க?" என்றார். வியாபாரி வியாபாரிதான்.

"லேசானது."

கடைக்காரரின் விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கத்தோடேதான் அதை ஊசித் தலையில் பொருத்தி, இரண்டு பக்கத்துக்கும் பாட்டைக் கொண்டுபோகும் மயிரிழை போன்ற நாலு கம்பிகளையும் மாட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்கச் சம்மட்டியின் வலது கை மூடியே இருந்தது. காதுக்குக் கை. அவன் மனக்கணக்கு அவ்வளவுதான்.

தம்பி துணிமூட்டையோடு தயாராக நின்றான், மூக்கில் பிளாஸ்திரி. ஓடவில்லை. சம்மட்டி ஊசித் தலையை மாட்டி, வேறொரு தட்டை வைத்து, அவனை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிறுத்தினான்.

"நீ அறைஞ்சதுல என் இடது காது போச்சுடா. ரெண்டு பக்கமும் சரியா பாடுதான்னு இனிமே எனக்குத் தெரியாது. நீ சொல்றதுதான். பாடுதா?"

மனைவி கண்ணாலேயே கொழுந்தனைக் கெஞ்சினாள்: பாடுதுன்னு சொல்லிடு. ஒரு வார்த்தை. கை பிழைத்துவிடும்.

தம்பி கண்ணை மூடிக் கேட்டான்.

"இல்லைண்ணே. இடது பக்கம் பாடலை."

சம்மட்டியின் கை மேலே போனது. தம்பி நகரவில்லை, அறைந்த கையைத் தானே மேசைமேல் நீட்டி வைத்தான். கண்ணை மட்டும் இறுக்கிக்கொண்டான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கடைக்காரரின் நடுங்கிய விரல்களும் கிழிந்த உதடும் சம்மட்டிக்கு நினைவு வந்தன. ஊசித் தலையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். ஒரு கம்பி முனையில் ஒட்டாமல் தொங்கியது. கடைக்காரரைத் தானே உலுக்கிய உலுக்கலின் பலன்.

தன் விரல்களைப் பார்த்தான். ஒவ்வொன்றும் வாழைக்காய். மேசைமேல் கிடந்த தம்பியின் கையில் ஒரு சின்ன இடுக்கியை வைத்தான்.

"நீயே மாட்டு. உடைச்சுட்டா யார் மாட்டுறது?"

தம்பி வெகுநேரம் குனிந்திருந்தான். பாட்டு எழுந்தது. இடது பக்கமும் வருகிறது என்று தம்பி சொன்னான். சம்மட்டி நம்பினான். வேறு வழியில்லை, அந்தப் பக்கத்துக்கு இனி அவன்தான் காது.