ஏணிக்குக் கீழே நின்றவர்

செம்மநத்தத்து மாதேஷ் ஏணி ஏறினால் கீழே நிற்பவர்களுக்குப் பயம் வராது. நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இருபது வருஷமாக மிளகு பறித்தவர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, கணுவில் பாதத்தை ஊன்றி உச்சிக்குப் போய்விடுவார். இரண்டு கையும் கொடியில் கொத்துகளைப் பறித்துக்கொண்டிருக்கும். உடம்பைத் தாங்குவது காலும் இடுப்பும்தான். மனைவி கவிதா கீழே சிந்தியதைப் பொறுக்குவாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் காப்பிச் சரிவில் வழுக்கி, வலது முழங்கால் பாறையில் போய் மோதியது. ஒத்தடம் கொடுத்ததில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் இறக்கத்தில் நடக்கும்போதெல்லாம் முட்டிச்சில்லுக்குள் மணல் அரைபடுவது போலிருந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். திடீர் திடீரென்று முட்டி மடங்கியதைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குழாயடியில் கண்ணை மூடி முகம் கழுவினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பஸ் படியில் வைத்த கால் நின்றதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சாயங்காலம் சரிவில் தள்ளாடி வருகிறவரைப் பார்த்து, மாதேஷ் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை அவர். யாரிடம் போய்ச் சொல்வது?

கவிதாதான் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடது காலில் நின்றார். வலது காலில் நின்று கண்ணை மூடியதும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சில்லுக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்கற ஜவ்வு சிதைஞ்சிருக்குங்க. வலிக்குப் பயந்து தொடைச் சதை சரியா வேலை செய்யறதில்ல, அதான் இளைச்சுப் போச்சு. கால் எங்க இருக்கு, எப்படி மடங்கியிருக்குன்னு முட்டி உடம்புக்குச் சொல்லிட்டே இருக்கணும். இப்ப அதுவும் சரியாச் சொல்றதில்ல."

"மருந்துல சரியாயிருமுங்களா?"

"போன ஜவ்வு பழையபடி வளர்றது கஷ்டமுங்க. பயிற்சி செஞ்சா சதை தேறும், ஆட்டம் குறையும். அதுக்கு மாசக்கணக்காகும். ஏணி மட்டும் வேண்டவே வேண்டாம்."

திரும்பும்போது மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அவர் முன்சீட்டுக் கம்பியை விடவே இல்லை.

தையில் மிளகு பழுத்து உதிர ஆரம்பித்தது. ஏறுகிற ஆள் கிடைக்காமல், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஆட்களை வேலைக்கு விடும் ரைட்டர் சூசைமாணிக்கம் அலைந்துகொண்டிருந்தார். கவிதா அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான் ஏர்றேனுங்க."

"விளையாடறயா கவிதா? பொம்பளை யாரு இந்த ஏணியில ஏறியிருக்கா?"

"எங்கூட்டுப் பலா மரமெல்லாம் நாந்தானுங்க ஏறுவேன். இவரு கீழ நின்னு புடிச்சுக்குவாரு."

மாதேஷ் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டினாள். ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் அண்ணாந்து பார்த்தார். கவிதாவின் பாதங்கள் ஒவ்வொரு கணுவாகத் தடவி மேலே போயின. எந்தக் கணுவில் எப்படிக் கால் வைப்பதென்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

"எட்டிப் பறிக்காத புள்ள! கைக்குக் கிடைக்கறது போதும்!"

அவள் பக்கத்துக் கொத்துக்காகச் சாய்ந்தாள். ஏணி நகர்ந்தது. அதை நிறுத்த அவர் வலது காலை அழுத்தி ஊன்றினார். முட்டி மடங்கிவிட்டது. ஏணியோடு சேர்ந்து அவரும் ஒரு பக்கம் போனார். மேலே கவிதா அலறிக்கொண்டு கொடியோடு மரத்தைக் கட்டிப்பிடித்தாள். மிளகு பொலபொலவென்று அவர் தலையில் கொட்டியது. ரைட்டரும் பக்கத்து வரிசையில் காப்பி பறித்துக்கொண்டிருந்த ஆராயியும் ஓடிவந்து ஏணியை நிமிர்த்தினார்கள். மாதேஷ் மண்டியிட்ட இடத்திலிருந்து எழ முடியாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தவளின் முழங்கை பட்டையில் உரசித் தோல் உரிந்திருந்தது.

"நான் புடிச்சுட்டுத்தான் இருந்தேன் கவிதா. காலு நிக்கல."

"தெரியுமுங்க. நீங்க மொதல்ல எந்திரிங்க."

ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைல இருந்து ஏணிய மரத்தோட கயித்துல கட்டிரலாம். ஆராயி கீழ நிக்கட்டும். நீ களத்துல மிளகு கிளறு, மாதேஷு. நிழல்ல உக்காந்துக்கலாம்."

ரைட்டர் கோபமாகச் சொல்லியிருந்தால் மாதேஷ் ஏதாவது பதில் பேசியிருப்பார். அவர் தன்மையாகத்தான் சொன்னார்.

மறுநாள் முதல் களத்தில் மிளகை வெயிலில் காயப் பரப்பிக் கிளறினார். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி சுவரோரம் நின்று காலை நீட்டி மடக்கினார். சில நாள் வலது காலில் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது, சில நாள் அதுவும் இல்லை. களத்திலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியாது. ஏணியை ஒரு மரத்திலிருந்து எடுத்து அடுத்த மரத்தில் சாய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டதும் கிளறுவதை நிறுத்திவிடுவார். கவிதாவின் குரல் எங்கிருந்தாவது காதில் விழும்வரை அவர் கை மிளகின் மேலேயே கிடக்கும்.