மதிலடி வீட்டில் நான்கு தட்டுகள்

1976ஆம் ஆண்டு மே 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. மழை இல்லை. முகில் மலையின் இடுப்பு வரை இறங்கி நின்றது. காற்று இரண்டு சுவெட்டர்களுக்குள்ளும் புகுந்தது. பஸ் என்னையும் மனைவியையும் இறக்கிவிட்டுப் போன இடம் ஒரு சுடலையின் வாசல்.

ரோமிலிருந்து மூன்றேகால் மணி நேரம், மலையைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தோம். ஆசைப்பட்டு வந்த பயணம் அல்ல. லண்டனில் மகளின் பிள்ளையைப் பார்த்துவிட்டு மெல்பனுக்குத் திரும்பும் வழியில், அங்கே கிளேட்டன் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காக வந்தது. கார்த் தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு ஓய்வு பெற்ற இத்தாலியர். நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன் என்று என் மகன் சொன்ன நாளிலிருந்து என்னைப் 'புரொபசோரே' என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வளவுக்கும் நடுவே இடுப்பளவு கம்பிவலைதான். அதற்கு மேலால் அவருடைய தக்காளி இங்கே வரும், எங்கள் வடை அங்கே போகும். பல நாள் எங்கள் குசினிக் கதிரையிலிருந்தே சாப்பிட்டிருக்கிறார்.

அவருக்கும் ஊரிலிருந்த ஒரே தங்கைக்கும் பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை. தாயின் செத்தவீட்டுக்கு அவர் போகவில்லை என்பது காரணம். கப்பல் காசுக்கு வழியில்லாமல் போயிற்று என்பது அவர் பக்கம். நாங்கள் புறப்படும்போது கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"முதலில் அம்மாவின் குழியில் மெழுகுதிரி கொளுத்து. பிறகு என் தங்கை வீட்டுக்குப் போ. கடிதம் போட்டிருக்கிறேன். அவள் மேசையில் நீ சாப்பிட்டால் நான் சாப்பிட்ட மாதிரி. பிறகு அவள் என்னோடு பேசுவாள்."

முதலில் குழி, பிறகு வீடு. எங்கள் ஊரில் ஒரு சின்னப்பிள்ளை கூட இந்த ஒழுங்கில் சொல்லாது. நானும் சொன்னபடி செய்கிறவன் என்பதால் யோசிக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தினோம். காற்று மூன்று தரம் அணைத்தது.

பிறகு ஊருக்குள் ஏறினோம். கருங்கல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. தெரு என்பது படிகள்தான், இருநூற்றுப் பன்னிரண்டு. பாதி வீடுகளுக்குப் பூட்டு. ஆட்கள் அமெரிக்காவிலோ, கிளேட்டனிலோ. உச்சியில் கோட்டை, அதன் மதிலோடு ஒட்டிக் கடைசி வீடு. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கறுப்புச் சட்டை போட்ட தங்கை வாசலில் நின்றாள். அண்ணனின் அதே மூக்கு. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசை, சூப்பின் ஆவி.

நான் காலைத் தூக்க, மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுங்கோ. சுடலைக்குப் போட்டு வந்து அப்பிடியே ஒரு வீட்டுக்குள்ளை காலடி வைக்கிறதோ?"

"இவைக்கு உதெல்லாம் இல்லையப்பா."

"இவைக்கு இல்லாட்டி எங்களுக்கு இருக்கெல்லே. பாவம், தனிய இருக்கிற மனிசி. நாளைக்கு ஏதும் நடந்தால்?"

"கீழை குழாய் ஒண்டு கண்டனான். கால் கழுவினால் காணாதோ?"

"தலையிலை வாத்துத் தோயாமல் காணாது. படிச்ச மனிசன், என்னட்டைக் கேக்கிறியள்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் கால் எழவில்லை. அந்த வீட்டுக்கு நன்மை நினைத்தே நின்றோம். அதை எந்த மொழியில் சொல்வது? அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் கீழே சுடலையைக் காட்டினேன், தலையில் தண்ணீர் வார்ப்பதுபோல் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு என் மனைவியின் கையைப் பிடித்தாள். தொட்டால் அவளுக்கும் சுடலைத் துடக்கு ஒட்டும் என்று மனைவி கையைப் பறித்துக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. அவள் எங்கள் சப்பாத்தைப் பார்த்தாள், தன் வாசற்படியைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை.

அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. வேறு போக்கிடம் இல்லாததால் கோட்டையைப் பார்த்தோம். அரைவாசி இடிந்த ஒரு கோபுரம், கூரையில்லாத மண்டபம், பீரங்கி வைத்த துவாரங்களில் புறாக்கள். எண்ணூறு வருடம் பழையதாம். ஒரு பெண்ணின் சூப்பைக் குடிக்காமல் வந்தவனுக்கு அது எத்தனை வருடமானால் என்ன? மதிலில் குந்தி, விமானத்தில் தந்த பிஸ்கற்றைப் பிரித்தோம்.

"மேசையிலை நாலு தட்டு இருந்தது" என்றேன். "நாங்கள் ரெண்டு, அவ ஒண்டு."

மனைவி கடித்த பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "மற்றது தமையனுக்குத்தான்" என்றாள். "வேறை ஆருக்கு?"

இறங்கும்போது தட்டினேன். திறக்கவில்லை. மேல் யன்னலால் கை ஒன்று வந்து வெள்ளைத் துணியை உதறியது. அதிலிருந்து ஒன்றும் விழவில்லை.

கிளேட்டனுக்கு வந்து சேர்ந்த அன்று, பெட்டி இறக்க முன்னமே அவர் கம்பிவலையடியில் நின்றார். ஒரே கேள்வி: "சாப்பிட்டாயா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. எங்கள் வழக்கத்தை, துடக்கை, குளிப்பதை எல்லாம் பாடம் நடத்துவதுபோல் விளங்கப்படுத்தினேன். கேட்டு முடித்து மெதுவாகச் சொன்னார்:

"என் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவன் என் அம்மாவின் வீட்டுக்குள் போகக் கூடாதா? என் அம்மா அழுக்கா, புரொபசோரே?"

நான்காவது தட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அவர் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடியது, கதவு திறக்கவில்லை. அந்தத் தட்டைப் பற்றி ஒரு துண்டில் எழுதி, உறையில் ஒட்டிப் போட்டேன். அது கிழிபடாமல் என் கடிதப் பெட்டிக்கே திரும்பி வந்தது.

ஜூலையில் தச்சன் வந்தான். கம்பிவலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, ஆறடி உயரத்துக்குப் பலகை வேலி அடித்தான். தக்காளிக் கன்றும் தெரியாது, அவருடைய தலையும் தெரியாது. பில்லின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து, முத்திரை ஒட்டி.

"அப்பா, அது இஞ்சத்தைச் சட்டம்" என்றான் மகன். "பௌண்டறி ஃபென்ஸ் எண்டால் ஹாஃப் நாங்கள் கட்டத்தான் வேணும்."

கட்டினேன். என் பங்கு எண்பத்து நான்கு டொலர் ஐம்பது சதம்.