ஒற்றைச் செருப்போடு வந்த வாப்பா

பாச்சை உருண்டை வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பழைய பட்டுப்புடவை ஞாபகம் வருமாம். எனக்கு என் தம்பி பிறந்த சாயங்காலம்தான் வரும். ஒரு பழைய ஜீப், பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உம்மா, முன்சீட்டில் பெட்டிக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி பாச்சை உருண்டை மணக்கும் ஏப்ரன்களைக் கட்டிய இரண்டு பெரிய மனுஷர்கள். அதில் ஒருவர் என் வாப்பா. சும்மா அடித்து விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டுக் கட்டடம் உண்டு. முகப்பில் நம் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்குமே, அந்தக் கவராயமும், கொத்தனார் வைத்திருக்கும் மூலைமட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செதுக்கியிருக்கும். ஃப்ரீமேசன் லாட்ஜ். ஆண்கள் மட்டும் சேரும் சங்கம், மாதம் ஒரு கூட்டம், எல்லோர் இடுப்பிலும் முன்துணி மாதிரி ஓர் ஏப்ரன், கூட்டம் தொடங்கினால் கதவு சாத்தி வாசலில் ஒருவர் உருவிய வாளோடு நிற்பார். இது போதாதா ஊருக்கு? எங்கள் பக்கம் அதற்குப் பெயர் "தலைவெட்டி பங்களா". வாப்பா அங்கே சேரப்போகிறார் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத்தில் என் மானம் கப்பலேறியது. "ஏ புள்ள, ராத்திரி ஒங்க வாப்பா வந்ததும் தலை இருக்கான்னு தடவிப் பாத்துக்க" என்று பெஞ்சு பெஞ்சாகக் கலாய்த்தார்கள்.

வாப்பா மண்டபத்தில் ஐஸ் ஃபேக்டரி மேனேஜர். அவரை லாட்ஜுக்கு இழுத்தவர் சாயல்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள சேதுராமன் மாமா. அந்த வருஷம் லாட்ஜின் தலைவர் அவர்தான். உம்மாவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"ஊருல இல்லாத சங்கமா? கதவச் சாத்திக்கிட்டு அப்புடி என்னங்க பேச்சு?"

"உள்ள மதமும் அரசியலும் பேசக் கூடாது. அது சட்டம்."

"அப்ப ஆம்பளைங்களுக்குப் பேச வேற என்ன இருக்கு?"

ஆனாலும் வாப்பா சேர்வதென்று முடிவு செய்துவிட்டார். அவரைச் சேர்க்கும் சடங்கு நடந்த அன்றைக்குத்தான், பிரசவத்துக்கு டாக்டர் குறித்த நாளுக்கு ஒரு மாதம் முன்னாடியே, உம்மாவுக்கு வலி எடுத்தது.

வாப்பா ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். தெரு முனை ஆட்டோக்காரர் ஏர்வாடிக்குச் சவாரி போயிருந்தார். பக்கத்து வீட்டு மைமூன் மாமி உம்மாவைப் பிடித்துக்கொண்டு, "ஓடு புள்ள, ஒங்க வாப்பாவக் கூட்டிட்டு வா" என்று என்னை விரட்டினார். எனக்கு ஒன்பது வயசு. தலைவெட்டி பங்களா வாசலில் போய் மூச்சிரைக்க நின்றேன்.

வாளோடு நின்றவர் அருளப்பன் அங்கிள், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி காட்டாமல் ஒரு சக்கரமும் உருளக் கூடாது என்கிற ரகம்.

"அங்கிள், உம்மாவுக்கு வலி வந்துருச்சு. வாப்பாவக் கூப்புடுங்க!"

"சடங்கு நடக்குதும்மா. நடுவுல கதவத் தெறக்கக் கூடாது."

"உம்மா செத்துப் போயிரும் அங்கிள்!"

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வாளின் பிடியால் தட்டினார். உள்ளே யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. அங்கிள் உள்ளே நின்றவரிடம் சொல்ல, அவர் விறைப்பாகத் திரும்பி இன்னொருவரிடம் அதையே சொல்ல, அந்த இன்னொருவர் எழுந்து தலைவருக்கு மரியாதை செய்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். என் உம்மாவின் பிரசவ வலி வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சேதுராமன் மாமாவின் குரல் கூரையைப் பெயர்த்தது.

"யோவ், முறையெல்லாம் பெறகு பாத்துக்கலாம்! பாயக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்கய்யா!"

கதவு திறந்தது. வாப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகையே நின்றுவிட்டது. பேண்ட்டின் ஒரு கால் முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தது, சட்டை ஒரு பக்கம் திறந்து கிடந்தது, ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு, இடுப்பில் வெள்ளை ஏப்ரன். புதிதாகச் சேருகிறவர் இந்தக் கோலத்தில்தான் வரவேண்டுமாம். ஃபோன், சாவி, மோதிரம், சில்லறை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். அப்படி நிற்கவைத்து, "கஷ்டப்படுகிற ஒருவருக்கு உன்னால் முடிந்ததைக் கொடு" என்று கேட்பார்களாம். அந்தக் கேள்விக்கு வாப்பா வெறும் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அங்கிள் கதவைத் தட்டியிருக்கிறார்.

வாப்பாவின் பொருட்கள் வாசல் மேசையில் நீலத் துணி சுற்றிய ஒரு மரப்பெட்டியில் இருந்தன. அங்கிள் நீலத் துணிப் பெட்டியைத் தூக்கி வாப்பா கையில் திணித்துவிட்டு, சேதுராமன் மாமாவுடைய ஜீப்பின் பின்படியில் தொற்றிக்கொண்டார். வாளை வைத்துவிட்டு வர மறந்துவிட்டார். மற்றவர்கள் அப்படியே ஏப்ரனோடு பைக்கில் ஏறினார்கள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்குள் நுழைந்த கூட்டத்தை உம்மா பார்த்தார். பாதி திறந்த சட்டையோடு புருஷன், பின்னால் வாளோடு மீசைக்காரர். வலியிலும் அலறினார், "யா அல்லாஹ், இவுகள அறுக்கவா கொண்டு போறீக?"

"நான் நல்லா இருக்கேன், நீ வண்டியில ஏறு" என்றார் வாப்பா.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாப்பாவைத்தான் முதலில் பிடித்து உட்கார வைத்தார். "யாரு சார் அடிச்சா?" பிறகுதான் உம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் அம்மா ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். கவுன்ட்டரில் இருந்தவர் அட்வான்ஸ் கேட்டார். வாப்பா பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கோலிக்குண்டு.

நிஜமாகவே. வெள்ளையும் கறுப்புமாக. புது ஆளைச் சேர்க்கலாமா என்று லாட்ஜில் ஓட்டுப் போடுவது குண்டு போட்டுத்தான், வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் கிடையாது. அன்று சாயங்காலம் வாப்பாவுக்கு ஓட்டுப் போட்ட பெட்டியும், விழுந்த குண்டும் போடாமல் மிஞ்சிய குண்டுமாக, அதே மேசையில், அதே நீலத் துணியில் இருந்திருக்கிறது. அவசரத்தில் அங்கிள் அதைத் தூக்கி வந்துவிட்டார்.

வாப்பா அந்தக் குண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பின்னால் ஏப்ரன்காரர்கள் வந்து நின்றார்கள். அவரவர் கை அவரவர் பாக்கெட்டுக்குள் போனது. சேதுராமன் மாமா கவுன்ட்டரில் குனிந்து, "எங்க தங்கச்சிங்க உள்ள இருக்கறது. கையெழுத்து எங்கன போடணும், சொல்லுங்க" என்றார்.

உம்மா பிழைத்தார். தம்பியும் பிழைத்தான், சும்மா இல்லை, ஆஸ்பத்திரியே அதிரக் கத்திக்கொண்டு. அருளப்பன் அங்கிள் வாளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெட்டி மாறிய வெட்கத்தில் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைக் குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். "வச்சுக்கம்மா. ஒங்க வாப்பாவுக்கு விழுந்தது. ஒண்ணுகூட கறுப்பு விழல."

பாதியில் நின்ற சடங்கை அடுத்த மாதம் அதே இடத்திலிருந்து தொடங்கினார்களாம். உள்ளே நடப்பதை வாப்பா எங்களிடம் சொல்லவே மாட்டார், இதை மட்டும் சொன்னார். "உன்னால் முடிந்ததைக் கொடு" என்று மறுபடி கேட்டதும் மொத்தச் சபையும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டதாம். "எனக்குத்தான் சிரிப்பு வரல. அந்தக் கேள்விய அவங்க ஏற்கெனவே ஆஸ்பத்திரியில கேட்டு முடிச்சுட்டாங்க. பதிலையும் அவங்களே சொல்லிட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு லாட்ஜின் குடும்ப விருந்துகள் உம்மாவின் ராஜ்ஜியமாகிவிட்டன. ஒரு பக்கம் சேதுராமன் மாமா வீட்டுச் சைவச் சாப்பாடு, இன்னொரு பக்கம் அங்கிள் பாம்பனிலிருந்து கொண்டுவரும் நண்டு, கடைசியில் உம்மா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் இனிப்பான "வட்டலப்பம்". மதமும் அரசியலும் பேசக் கூடாத அந்த மனுஷர்கள் வட்டலப்பத்துக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்திருந்தால் ஊர் என்றைக்கோ பயம் தெளிந்திருக்கும். நாங்கள் பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளை எந்த மடியில் தூங்குகிறது என்று தெரியாமலே வளர்ந்தோம்.

அந்த ஜீப்பை விற்றுவிட்டார்கள். அருளப்பன் அங்கிள் போய்ச் சேர்ந்துவிட்டார், வாசலில் இப்போது வேறு ஒருவர் நிற்கிறார். "தலைவெட்டி பங்களா" என்று யாரும் சொல்வதில்லை, ஆட்டோக்காரரிடம் "ஏப்ரன் பங்களா" என்றால்தான் வண்டி நகரும். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், வெள்ளைக் குண்டு லேப்டாப் பக்கத்திலேயே கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் தம்பிக்கு இந்த வருஷம் சென்னையில் காலேஜ் கிடைத்தது, அவன் பையில் அதைப் போட்டுவிட்டேன்.

நேற்று உம்மா ஃபோன் பண்ணினார். தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏ புள்ள, அவன் ஹாஸ்டலுக்குப் பக்கத்துல நம்ம லாட்ஜ் மாதிரி ஒண்ணு இருக்கான்னு விசாரி. சேர வேணாம், சின்னப் பய. ஓடிப் போயித் தட்ட ஒரு கதவு இருக்கட்டும்."